நான்கு எண்களுக்கான இடம்

தகட்டுக்காரருக்குக் கவிதை என்றால் ஆகாது. படித்தால் பாதி புரியாது, புரிந்த பாதியில் யாரோ யாரையோ நினைத்து அழுதுகொண்டிருப்பார்கள். ஆனால் கவிஞர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக அவர்கள் பெயர்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டுபவர் அவர்தான். ஓட்டப்பந்தயக்காரன், பேச்சுப்போட்டிக்காரன், பணி ஓய்வு பெறுகிற கிளார்க் என்று எல்லாரும் அவர் பட்டறை வழியாகத்தான் கேடயத்துக்குப் போவார்கள். அதிகம் நச்சரிப்பவர்கள் கவிஞர்கள்தான் என்பது அவர் கணிப்பு. ஒரு சுழி பெரிதாகிவிட்டது என்று சண்டைக்கு வந்த ஓட்டப்பந்தயக்காரன் இதுவரை இல்லை.

பட்டறை கடைத்தெருவுக்குப் பின்பக்கம். நீட்டிப் படுத்தால் கால் வாசலுக்கு வெளியே வந்துவிடும். ஒரு சுவர் முழுக்கப் பெயரில்லாத மரக் கேடயங்கள். இன்னொரு சுவரில் ஒரு கம்பி, அதில் குத்தி வைத்த வேலைச் சீட்டுகள், வருடா வருடமாக. வந்த வேலையைப் பற்றிய சீட்டை அவர் எறிவதில்லை. நாளைக்கு எவனாவது வந்து நான் இப்படிச் சொல்லவே இல்லையே என்பான். அப்போது அவன் கையெழுத்தை அவன் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும் அல்லவா?

அவர் படித்தது நாலாம் வகுப்பு. அப்படியிருந்தும் ஒரு கொம்பு, ஒரு புள்ளி பிசகியதில்லை. அதன் சூட்சுமம் எளிது. அவர் வாசிப்பதில்லை. எழுத்தைப் படமாகப் பார்ப்பார், படத்தை அப்படியே வெட்டுவார். வாசிக்க ஆரம்பித்தால் மனது முந்திக்கொண்டு ஓடும், கை பின்தங்கும், தகடு வீண். இதை அவர் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கவிதை மன்றத்தின் செயலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, பேச்சில் வெண்ணெய். ஒன்பது வருடமாக வருகிற ஆள். ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. அதுவே தகட்டுக்காரருக்குப் பிடிக்காது. கத்துகிறவனை நம்பலாம், அவனிடம் இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

"ஐயா, இந்த வருஷம் ஏழு பேர். எப்பவும் போலத்தான். பேரு, கீழ பொறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்கு அப்புறம் நாலு நம்பருக்கு இடம் விட்டுடுங்க."

"விட்டுடறேன்."

"தகட்டை ஆணி அடிச்சிடாதீங்க. ஒட்டினா போதும். பின்னாடி கழட்ட வேண்டி வரும்."

"ஒன்பது வருஷமா ஒட்டிக்கிட்டுத்தான இருக்கேன். புதுசா சொல்றீங்க."

செயலாளர் சிரித்தார். வெள்ளிக்கிழமை மாலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கோட்டுக்குப் பிறகு எதற்கு இடம் என்று தகட்டுக்காரர் கேட்டதே இல்லை. இடம் விடுவது அவர் தொழிலில் சகஜம். வருடா வருடம் கைமாறுகிற கோப்பைகளில் பத்து வருடத்துக்கு வெறும் இடம் விட்டு வெட்டுவார். ஒன்றிரண்டு வருடம் கழித்து மன்றத்தின் தகடு ஏதாவது ஒன்று திரும்பி வரும். 'அந்த இடத்துல இந்த வருஷத்தைப் போட்டுக் குடுங்க ஐயா' என்பார் செயலாளர். போட்டுக் கொடுப்பார். அதே ஆளுக்கு இரண்டாவது தடவையும் பரிசு கொடுக்கிறார்கள்போல என்று நினைத்திருந்தார். ஊரான் பரிசு, யாருக்குக் கொடுத்தால் என்ன.

ஏழு தகட்டையும் மதியத்துக்குள் வெட்டி முடித்தார். துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கும்போது ஏழாவதில் கை நின்றது. வாசித்து நிற்கவில்லை. அந்தப் படம் கைக்குத் தெரிந்த படம். இதே எழுத்து வரிசையை ஒரு தடவை அவர் ஆசையாக, கூலி வாங்காமல், பெரிய அளவில் வெட்டியிருக்கிறார். அது இப்போது அவர் தங்கச்சி வீட்டு வாசலில் தொங்குகிறது.

பெயருக்கு முன்னால் அவர்களுடைய அப்பாவின் தலைப்பெழுத்து. கீழே அவள் பிறந்த வருடம். ஒரு கோடு. அப்புறம் வெறும் பித்தளை.

அந்த ஒரு தகட்டை மட்டும் மற்ற ஆறிலிருந்து தள்ளி வைத்தார்.

*

தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்து நாலு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும். 'சொந்த அண்ணன் ஒருத்தன் இருக்கேன், ஊர்ல இருக்கறவன் எல்லாம் உரிமை கொண்டாடறான்' என்று தகட்டுக்காரர் பழைய நகைச்சுவையைப் பழசாகாமல் சொல்வார். அவள் புருஷன் போய்ப் பதினைந்து வருடம். பிள்ளை இல்லை. தகட்டுக்காரருக்கும் அதே கதைதான். இரண்டு தெரு தள்ளி இரண்டு வீடு, ஒரே அடுப்பு.

சாயங்காலம் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே அவள் கேட்டாள். "என்ன அண்ணா, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"நீ கவிதைப் போட்டிக்கு எழுதிப் போட்டியா?"

கரண்டி நின்றது. அறுபத்து நாலு வயதுக்காரியின் முகத்தில் பள்ளிக்கூடப் பெண் பிடிபட்டதுபோல ஒரு வெட்கம் ஓடியது. "யாரு சொன்னா உங்களுக்கு? ஜெயிச்சிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"ஜெயிச்சிட்டியே. தகடு வெட்டியாச்சு."

"தெரியும். போன்ல சொல்லிட்டாங்க." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு கவிதைதான் அனுப்பினேன். அவ்வளவு நல்லா இருக்குன்னாங்க. முழு நோட்டையும் குடுங்க, புத்தக விருதும் உங்களுக்குத்தான்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ஆபீசுக்குப் போயி நோட்டைக் குடுத்து ஒரு கையெழுத்துப் போடணும்."

"கடைசி தேதி என்னைக்கு?"

"எதுக்கு?"

"போட்டிக்குக் கடைசி தேதி. பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கான். இன்னும் பத்து நாள் இருக்கு. எழுதறவன் இன்னும் எழுதிக்கிட்டு இருக்கான், இவன் எனக்கு லிஸ்ட் குடுத்துட்டுப் போயிட்டான். இது எந்த ஊர் ஓட்டப்பந்தயம்? ஓடறதுக்கு முன்னாடியே கேடயம்?"

தங்கச்சியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நல்லா இருக்கறதை முன்னாடியே எடுத்து வெச்சிருப்பாங்க."

"அந்த விண்ணப்பத்தைக் காட்டு."

நகல் வைத்திருந்தாள். நர்ஸ் அல்லவா, மருந்துச் சீட்டிலிருந்து மின்சாரச் சீட்டு வரை எல்லாவற்றுக்கும் நகல் உண்டு. நகல் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த நோட்டு. தகட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார். பெயர், முகவரி, பிறந்த வருடம். கவிதையின் தலைப்பு. உடல்நலம் எப்படி. ஒன்பதாவது கேள்வியில் விரல் நின்றது.

'தங்களுக்குப் பின் வாரிசு யார்?'

அதற்கு நேரே தங்கச்சியின் அழகான கையெழுத்து: 'யாரும் இல்லை.'

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அண்ணா, அது வந்து..."

"மூணு வேளையும் உன் கையால தின்னுக்கிட்டு எதிர்ல உக்காந்திருக்கேன். யாரும் இல்லையாம்!"

அவள் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கே தெரியல. கை தானா எழுதிடுச்சு. வார்டுல சேர்க்கும்போது ஒரு கட்டம் வரும். உறவினர் யாருன்னு. கேட்டா பாதிப் பேரு வாயே திறக்க மாட்டாங்க. யாரும் இல்லைன்னு எழுதி எழுதி, அந்தக் கேள்வியப் பார்த்தாலே கை அதைத்தான் எழுதுது."

அந்த நோட்டே அவர்களைப் பற்றியதுதான். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய ஒரு வார்டு ரெஜிஸ்டர், நீள நீளக் கட்டங்களோடு. அதில் நாற்பத்தொரு கவிதை. பார்க்க ஒரு ஆள் வராமல் அவள் கையில் போனவர்கள் நாற்பத்தொரு பேர், ஆளுக்கு ஒன்று. தகட்டுக்காரர் அதை வாசித்ததில்லை. ஆனால் காலையில் காய் நறுக்கும்போது அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார். அந்த நோட்டு இல்லாத தங்கச்சியை அவரால் நினைத்துப் பார்க்க முடியாது.

"கோபத்தை விடு. உன்மேல இல்ல," என்றார். "ஒரு கவிதை நல்லா இருக்கான்னு பாக்கறவன் வாரிசு யாருன்னு எதுக்குக் கேக்கறான்? பொண்ணா கட்டப் போறான்?"

*

மறுநாள் காலையில் அவளையும் பட்டறைக்கு அழைத்துப் போனார். மன்றத்தின் ஒன்பது வருடச் சீட்டுகளையும் கம்பியிலிருந்து கழற்றி மேசையில் பரப்பினார். "நான் வாசிச்சா நாளாயிடும். நீ வாசி."

முதலில் கேலியாகத்தான் வாசித்தாள். "இவரு பேரு என்னவோ ராஜா மாதிரி இருக்கு... இந்தம்மா என்னைவிட ரெண்டு வயசு மூத்தவங்க... என்ன அண்ணா, எல்லாரும் கிழங்களா இருக்கு? இளசுங்க யாரும் கவிதை எழுதறதில்லையா?"

"எழுதுவாங்க. இவங்களுக்கு வேணாம்போல."

திரும்பி வந்த தகடுகளின் சீட்டு தனிக்கட்டு. அதை எடுத்தவள் மூன்றாவது சீட்டில் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"இவரை எனக்குத் தெரியும்." சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "பதினாறாம் நம்பர் கட்டில். தபால் ஆபீஸ்ல இருந்தவரு. என் நோட்டுல இருபத்தேழாவது இவருதான். அண்ணா, கோட்டுக்கு அப்புறம் நீங்க போட்டிருக்கீங்களே ஒரு வருஷம்..."

"ஆமா. பரிசு குடுத்த வருஷம்."

"அது இவரு செத்த வருஷம்."

வெளியே யாரோ இரும்புக் கதவைக் கடகடவென்று மேலே ஏற்றினார்கள். தகட்டுக்காரர் அடுத்த சீட்டை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். பிறந்த வருடம், கோடு, ஒரு வருடம். பதினெட்டுச் சீட்டுகள். பதினெட்டிலும் அந்த நான்கு எண்களை வெட்டியது அவர் கை. வெட்டித் துடைத்து, பளபளப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, காகிதத்தில் சுற்றிக் கொடுத்த அதே கை.

முப்பத்தெட்டு வருடமாக வாசிக்காமல் வெட்டியதில் இருந்த பெருமை அந்த நிமிடத்தில் அவரை விட்டுப் போயிற்று.

"உயிரோட இருக்கறவங்களுக்கு," என்று தங்கச்சி மெதுவாகச் சொன்னாள், "முதல் நாளே அந்த இடத்தை விட்டு வெக்கறாங்க."

ஏழாவது தகடு மேசை ஓரத்தில் இருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

*

ஒரு வருடம் மழையில் விழா நின்றுபோய், கேடயங்களை நேராகத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடச் சீட்டில் முகவரிகள் இருந்தன. அந்த வருடத்து ஆட்களில் தகடு திரும்பி வராத ஒரே ஆளைத் தேடிப் புறப்பட்டார்கள். இரண்டு பஸ் மாறி, மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை.

கதவைத் திறந்தவர் மெலிந்த கிழவர். நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். இவர்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "நான் நல்லாத்தான் இருக்கேன். போய்ச் சொல்லுங்க."

"யாருகிட்ட சொல்லணும்?"

"நீங்க மன்றத்துலேருந்து வரலியா?"

"நான் தகடு வெட்டறவன் சார். இது என் தங்கச்சி. அந்தக் கேடயத்துல உங்க பேரை வெட்டினது நான்தான்."

டைப்பிஸ்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்த வெறும் இடமும் நீங்க விட்டதுதானா?"

கேடயம் சுவரில் திருப்பி மாட்டியிருந்தது, முகம் சுவருக்கு.

டைப்பிஸ்ட் உட்காரச் சொன்னார். உட்கார இடம் கட்டில்தான். "வருஷத்துக்கு ரெண்டு தடவை வருவாங்க. ஆப்பிள் வாங்கிட்டு வருவாங்க. அதையும் சொல்லணும், நல்ல ஆப்பிள்தான். பிரஷர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, மாத்திரையைக் காட்டுங்கம்பாங்க. முதல் தடவை எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பெத்த புள்ளை இருந்தாக்கூட இப்படிக் கேக்காதேன்னு. அப்புறம்தான் பார்த்தேன், நான் சொல்ற நம்பரை எல்லாம் எழுதிக்கிறாங்க. போன தடவை சர்க்கரை குறைஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அந்த ஆளு முகம் வாடிப்போச்சு."

"உங்க நோட்டு?" என்றாள் தங்கச்சி.

"அவங்ககிட்ட."

"புத்தகம் போட்டாங்களா?"

"போடுவாங்க. 'உங்களுக்கு அப்புறம்'னு ஒப்பந்தத்துல இருக்கு. விருதுன்னா விருது, மேடைன்னா மேடை, நான் கையெழுத்து போடற அவசரத்துல படிக்கவே இல்லம்மா. நான்! முப்பது வருஷம் ஊரான் ஒப்பந்தத்தை எல்லாம் டைப் அடிச்சவன்!" சிரித்தார், அது இருமலில் முடிந்தது. "எனக்கு முன்னாடி போனவங்க புத்தகத்தைப் போய்க் கடையில பார்த்தேன். அட்டையில மன்றத் தலைவர் பேரு. உள்ள தேடினா, நன்றின்னு ஒரு பக்கம், அதுல பொடி எழுத்துல நம்ம ஆளு. அடுத்த பதிப்புல அந்தப் பக்கமும் இல்ல. கேக்க யாரு இருக்கா? கேக்க ஆள் இல்லாதவங்களாப் பார்த்துத்தானே பொறுக்கறாங்க."

தகட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிக்கு அனுப்பறதுல தப்பே இல்லம்மா," என்று டைப்பிஸ்ட் தங்கச்சியிடம் திரும்பினார். "ஆனா யாரு நடத்தறான், யாரு தேர்வு பண்றான், போன வருஷம் ஜெயிச்சவன் எங்க இருக்கான், இதை ஒரு நடை போய்ப் பார்த்துட்டு அனுப்பணும். நீங்க வந்தீங்க பாருங்க, இப்படி. இத்தனை வருஷத்துல மன்றத்து ஆளுங்களைத் தவிர என்னைத் தேடி வந்தது நீங்க ரெண்டு பேருதான். நகல் வெச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"நானும் வெக்கல." கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்.

"மழை நின்ற பிறகும்
கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது."

அடுத்து வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"மூணாவது வரி வரமாட்டேங்குது," என்றார் டைப்பிஸ்ட். "ஒரு தடவை நோட்டைக் காட்டுங்க, அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துட்டுத் தந்துடறேன்னு கேட்டேன். அதெல்லாம் இப்ப எதுக்கு ஐயா, நீங்க உடம்பைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

*

திரும்பும்போது பஸ்ஸில் தங்கச்சி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில், "ஒரு தடவை, அண்ணா," என்றாள். "ஒரே தடவை மேடையில ஏறி, இந்த நாப்பத்தொரு பேரும் இருந்தாங்கன்னு மைக்குல சொல்லணும்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. "டிக்கெட்டைப் பத்திரமா வெச்சுக்கோ," என்றார்.

வெள்ளிக்கிழமை செயலாளர் வந்தபோது ஆறு கேடயங்கள் காகிதம் சுற்றித் தயாராக இருந்தன. ஏழாவது, தகடு இல்லாமல் மேசைமேல் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் முக்காலியில் தங்கச்சி, மடியில் நோட்டோடு.

செயலாளருக்கு ஆளை அடையாளம் தெரிய ஒரு நொடி ஆயிற்று. விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டியிருந்தாளே. "அட, அம்மா! நீங்க எங்க இங்க? ஞாயித்துக்கிழமை ஆபீசுக்குத்தானே வரச் சொன்னோம். நோட்டையும் கொண்டுவந்துட்டீங்க போல. குடுங்க, குடுங்க, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்." கை நீண்டது.

"இவரு என் அண்ணன்," என்றாள் தங்கச்சி.

நீண்ட கை அப்படியே நின்றது. முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் அணைத்த விளக்கில் மிஞ்சும் சூடுபோலத்தான் இருந்தது. "கூடப் பொறந்த அண்ணனா?"

"கூடப் பொறக்காம கடையிலயா வாங்கினா?" என்றார் தகட்டுக்காரர்.

"யாரும் இல்லைன்னு எழுதியிருந்தீங்களே அம்மா."

"தப்பா எழுதிட்டேன்."

"உங்க விதியில என்ன போட்டிருக்கு?" தகட்டுக்காரர் விண்ணப்பத்தின் நகலை எடுத்து முன்னால் வைத்தார். இந்த இரண்டு நாளும் எழுத்துக் கூட்டி அதை மனப்பாடமாகும்வரை வாசித்திருந்தார். "பின்னாடி, பதினாலாவது. தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் ரத்து. என் தங்கச்சி தவறான தகவல் தந்துட்டா. ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆறு கேடயத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. இனிமே உங்க வேலை எதுவும் இந்தப் பட்டறைக்கு வர வேணாம்."

செயலாளர் கோபப்படுவார், நோட்டுக்குப் பாய்வார் என்று அவர் எதிர்பார்த்தார். அதற்காகவே கனமான அரத்தைக் கையெட்டும் இடத்தில் வைத்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. செயலாளர் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். அதில் தங்கச்சியின் அசல் விண்ணப்பம்.

"ரத்து எதுக்குய்யா? இவ்வளவு நல்ல கவிதையை யாராவது ரத்து பண்ணுவாங்களா? திருத்திக்கலாம்." ஒரு பேனாவைத் திறந்து 'யாரும் இல்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே 'அண்ணன்' என்று எழுதினார். "உங்க வயசு என்னங்கய்யா?"

தகட்டுக்காரரின் கை அரத்தின் பக்கம் போயிற்று.

"அம்மாவைவிட ஆறேழு வயசு மூத்தவரா இருப்பீங்க. எழுபதுன்னு போடறேன்." போட்டார். "பிரஷர் உண்டா?"

"வெளிய போய்யா."

"பிள்ளைங்க?"

செயலாளர் சுவரில் தொங்கும் பெயரில்லாத கேடயங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். மேசையில் ஒரே ஒரு டம்ளர், ஒரே ஒரு தட்டு. பார்த்தது போதும் என்பதுபோலத் தலையசைத்து, விண்ணப்பத்தின் மூலையில் ஒரு சொல் எழுதினார். தகட்டுக்காரர் தலைகீழாக இருந்த அந்தச் சொல்லை, இந்த முறை படமாக இல்லாமல், ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

'ஒத்திவைப்பு.'

"அந்த ஒரு கவிதை," என்றாள் தங்கச்சி. "நான் அனுப்பினது. அதைத் திருப்பிக் குடுங்க."

"வந்த படைப்பு திருப்பித் தரப்படாதும்மா. அது மூணாவது விதி." ஆறு கேடயங்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, உண்மையான அக்கறையோடு சொன்னார். "ரெண்டு பேரும் உடம்பைப் பாத்துக்கங்க. எங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

*

கையை விட்டுப் போன கவிதை எது என்று அவர் கேட்டார். முதல் கவிதை, முதல் நோயாளி, என்றாள். நோட்டைப் பார்க்காமல் அதை எழுதிப் பார்த்தாள், இரண்டு வரி வரவில்லை. அந்த இரண்டையும் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினாள். நல்லவேளை, நோட்டு இருந்தது.

ஏழாவது தகட்டை அவர் உருக்கப் போடவில்லை. கோட்டை மட்டும் அரத்தால் தேய்த்து எடுத்தார். தேய்த்த இடம் பள்ளமாக, மற்ற இடத்தைவிடப் பளபளப்பாகத் தெரிந்தது. அதைப் பார்க்காமலிருக்க இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டறையைச் சாத்திவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நகல் எடுக்கிறார். கடையில் கொடுத்தால் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் மெஷின்காரனை எப்படி நம்புவது? கையால்தான் எழுதுகிறார். மூன்று பிரதி. ஒன்று டைப்பிஸ்ட் வீட்டுக்கு. அவர் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். நாலாம் வகுப்புக் கையெழுத்து, எறும்பு ஊர்வதுபோலத்தான் நகர்கிறது. வெட்டும்போது வாசிக்காதவர் இப்போது வாசித்துக்கொண்டே எழுதுகிறார். அதனால் அடிக்கடி நிறுத்த வேண்டியிருக்கிறது.

"இந்தம்மா கடைசி வரைக்கும் ஜன்னலைத் திறக்கவே விடலியா?"

"விடல. எழுதுங்க, அண்ணா."

மாதத்தின் முதல் திங்கட்கிழமை போன் வரும். எண் ஒவ்வொரு தடவையும் வேறு. குரல் மட்டும் அதே வெண்ணெய். "ஐயா, சும்மாதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அம்மா?"

"இருக்கா."

"சந்தோஷம்," என்று அந்தக் குரல் சொல்லும். பின்னால் ஏதோ எழுதுகிற சத்தம் மெல்லக் கேட்கும்.

இன்றைக்கும் வந்தது. வாசலில் ஒரு பை ஆப்பிளும் இருந்தது, யார் வைத்தது என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தங்கச்சி பையைத் தொடாமல் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார். மார்பின் இடது பக்கம் காலையிலிருந்து லேசாக வலித்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னும் பதினோரு கவிதை பாக்கி இருந்தது.